நாசில் அடைப்பு: ஹெட்டில் கை வைக்கும் முன்

ஃப்ளெக்ஸ், வினைல் அடிக்கும் கடையில் புதிதாகச் சேரும் யாருக்கும் முதல் மாதத்திலேயே இது வந்துவிடும். கல்யாண பேனர் ஓடிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை நெற்றியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும், கொஞ்ச நேரத்தில் அது நாலாகும். "அண்ணே, கோடு விழுது" என்று குரல் கொடுத்தால், "கிளீனிங் போடு" என்று உள்ளிருந்து பதில் வரும். போட்டால் சில சமயம் சரியாகும், சில சமயம் இன்னும் மோசமாகும். மறுபடி கிளீனிங், மறுபடி. சாயங்காலத்துக்குள் வேஸ்ட் பாட்டில் நிரம்பிவிடும். அப்புறம் யாராவது சிரிஞ்சை எடுப்பார்கள். பிழைத்திருக்க வேண்டிய பல ஹெட்கள் செத்துப்போவது அந்தக் கட்டத்தில்தான்.

மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் ஹெட்தான் மிஷினிலேயே விலை கூடிய பாகம். அதற்கு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி அதன் உள்ளே தொடங்குவதில்லை. ஹெட்டை மூடும் கேப், அதை வழித்துவிடும் வைப்பர், மை ஹெட்டுக்குள் போகும் முன் தங்கும் சிறு அறையான டேம்பர், மையை உறிஞ்சும் பம்ப் என்று சில நூறு, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் பாகங்களில் தொடங்கி, ஹெட்டில் வந்து தெரிகிறது. இதைப் புரிந்துகொள்ள மை எப்படி வெளியே வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நம் ஊர்க் கடைகளில் பரவலாக ஓடும் எக்கோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த மையில் ஓடும்) மிஷினையும், அதில் இருக்கும் எப்சன் டிஎக்ஸ்5 ரக ஹெட்டையும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஹெட்களுக்கும் அடிப்படை இதேதான்.

ஒரு சொட்டு எப்படி விழுகிறது

டிஎக்ஸ்5 ஹெட்டின் அடியில் ஒரு உலோகத் தகடு இருக்கும். அதில் 8 வரிசை, வரிசைக்கு 180 துளை, மொத்தம் 1,440 நாசில்கள். ஒரு வரிசையின் நீளம் சுமார் ஓர் அங்குலம்தான். ஒவ்வொரு துளையும் 20 மைக்ரானை ஒட்டிய அளவு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், அதாவது ஒரு முடியின் குறுக்கே இப்படி மூன்று துளைகளை வைக்கலாம். கண்ணுக்கே தெரியாத தூசியும் இதற்குப் பெரிய பாறைதான்.

துளைக்குப் பின்னால் மை நிறைந்த ஒரு சிறு அறை. அறையின் சுவரில் பீசோ என்ற பொருள். மின்சாரத் துடிப்பு போனால் பீசோ லேசாக வளையும், அறை இறுகும், ஒரு சொட்டு வெளியே பாயும். சொட்டின் அளவு சில பிகோலிட்டர். ஒரு பிகோலிட்டர் என்றால் லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

இன்னொரு வகை ஹெட்டில் பீசோவுக்குப் பதிலாகச் சிறு ஹீட்டர் இருக்கும். அது மையை ஒரு கணம் கொதிக்க வைக்க, உண்டாகும் குமிழி சொட்டைத் தள்ளும். எச்பி லேட்டக்ஸ் மிஷின்களில் இருப்பது இந்த ரகம். அந்த ஹெட்டைத் தேய்ந்தால் மாற்றிவிடும் பொருளாகவே வடிவமைத்திருக்கிறார்கள், அதனால் அங்கே இவ்வளவு பதற்றம் தேவையில்லை. பீசோ ஹெட்டுக்குத்தான் பொறுமை வேண்டும்.

இப்போது ஒரு நுட்பமான விஷயம். அச்சடிக்காத நேரத்தில் மை ஏன் துளை வழியே தானாகச் சொட்டுவதில்லை? ஹெட்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு நூலிழை குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு துளையின் வாயிலும் மையின் மேற்பரப்பு லேசாக உள்வாங்கி நிற்கும். இந்தச் சமநிலையைக் காப்பது டேம்பரும் மை டேங்கின் உயரமும். வெளியே பெரிய மை பாட்டில்களை வைத்து டியூப் போட்டிருக்கும் கடைகளில் பாட்டிலை ரொம்ப மேலே வைத்தால் ஹெட் சொட்டும், ரொம்பக் கீழே வைத்தால் துளை வழியே காற்று உள்ளே ஏறும். பாட்டிலை இடம் மாற்றிய மறுநாள் நாசில் போகிறது என்றால் யோசிக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

உள்வாங்கி நிற்கும் அந்த மையின் மேற்பரப்புதான் எப்போதும் காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது. அடைப்பின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எதனால் அடைக்கிறது

எக்கோ சால்வென்ட் மையில் நிறமி, அதை வினைலோடு ஒட்டவைக்கும் பிசின், பிசினைக் கரைத்து நிறமியையும் சுமக்கும் கரைப்பான் என்று மூன்று உண்டு. கரைப்பான் ஆவியானால் பிசின் கெட்டியாகி நிறமியைப் பிடித்துக்கொள்ளும். வினைல் மேல் இது நடந்தால் அச்சு, நாசில் வாயில் நடந்தால் அடைப்பு. அச்சு சீக்கிரம் காய வேண்டும், ஹெட்டில் மட்டும் காயவே கூடாது. இந்த இழுபறிக்காகத்தான் ஹெட் ஓய்வில் இருக்கும்போது அதன் அடியைக் கேப் மூடுகிறது. மூடி சரியாகத் திருகாத நெயில் பாலிஷ் பாட்டில் பத்து நாளில் என்ன ஆகுமோ, விளிம்பு தேய்ந்த கேப்பின் மேல் ராத்திரி முழுக்க நிற்கும் ஹெட்டுக்கும் அதுதான் ஆகும்.

மற்ற மைகளுக்கு வேறு குணம். தண்ணீர் அடிப்படை மையில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளைக்கால் போன்ற பொருள்கள் சேர்ந்திருக்கும், ஆனாலும் வறண்ட அறையில் காயும். யுவி மை காற்றில் காயாது, யுவி (புற ஊதா) வெளிச்சம் பட்டால் கெட்டியாகும். பளபளப்பான மீடியாவில் (அச்சடிக்கும் ஃப்ளெக்ஸ், வினைல் போன்றவை) பட்டுத் திரும்பும் யுவி ஒளி ஹெட்டின் அடியில் விழுந்தால், அங்கேயே மை இறுகிவிடும், அதைக் கரைப்பது மிகக் கஷ்டம். வெள்ளை மையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அது கனமான நிறமி, சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும். அதனால்தான் வெள்ளை மைக்குத் தனியாகச் சுழற்சி வைக்கிறார்கள், கார்ட்ரிட்ஜைக் குலுக்கிப் போடச் சொல்கிறார்கள்.

இரண்டு கம்பெனி மையை ஒரே லைனில், அதாவது மை ஓடும் டியூப் பாதையில், கலப்பது இன்னொரு காரணம். பாட்டிலில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே கலந்ததும் சில சேர்க்கைகள் ஜெல்லியாகத் திரிந்து ஃபில்டரையும் நாசிலையும் சேர்த்து அடைக்கும். விலை குறைவாகக் கிடைத்தது என்று பாதி டேங்கில் வேறு மையை ஊற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் லைனை முழுக்க வடித்து, கழுவி, அப்புறம் மாற்றுங்கள்.

கோடு விழுந்தால் எல்லாமே அடைப்பா?

இல்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகினாலே பாதி செலவு மிச்சம்.

முதலில் நாசில் செக் எடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் படிக்கட்டுப் போலச் சின்னச் சின்னக் கோடுகள் வரும், ஒரு கோடு ஒரு நாசில். வெறும் கண்ணால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகராதீர்கள், ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் வெள்ளை மீடியாவில் தெரியவே தெரியாது. நீல நிற டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் மஞ்சள் இருண்டு தெரியும்.

நாசில் செக் முழுசாக இருக்கிறது, ஆனால் பேனரில் சீரான இடைவெளியில் கோடு விழுகிறது என்றால் ஹெட்டில் குறை இல்லை. மீடியா நகரும் அளவு, அதாவது ஸ்டெப் செட்டிங், தப்பாக இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தால் வெள்ளைக் கோடு, குறைவாக நகர்ந்தால் கருங்கோடு. ரோல் மாறும்போதும் மீடியா மாறும்போதும் இது மாறும். இதற்குக் கிளீனிங் போடுவது மையைச் சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம்.

நாசில் செக்கிலேயே கோடுகள் விட்டுப்போயிருந்தால், அந்தத் தாளில் தேதி போட்டு வைத்துக்கொண்டு ஒரே ஒரு சாதாரண கிளீனிங் போடுங்கள். இன்னொரு நாசில் செக் எடுத்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒப்பீட்டில்தான் விஷயமே இருக்கிறது.

விட்டுப்போன கோடுகள் இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால், அங்கே மை காய்ந்து நிற்கிறது. உண்மையான அடைப்பு இதுதான். முதலில் போனது வந்து, வேறு இடத்தில் புதிதாகப் போயிருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. காய்ந்த மை இடம் மாறாது, காற்றுக் குமிழி மாறும். நாசில் செக் நன்றாக இருந்து, அழுத்தமான நிறம் ஒரு மீட்டர் அடித்ததும் மங்கி, கொஞ்ச நேரம் நிறுத்தினால் திரும்ப வந்தால் மை போதுமான வேகத்தில் ஹெட்டுக்கு வந்து சேரவில்லை. டேம்பருக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டியூப் எங்காவது மடிந்திருக்கலாம், டேங்கின் காற்றுத் துளை மூடியிருக்கலாம். ஒரு வரிசை முழுக்கச் சட்டென்று காணாமல் போனால் 180 நாசிலும் ஒரே நேரத்தில் காய்ந்திருக்க வாய்ப்பு குறைவு. டேம்பர், ஹெட் கேபிள், போர்டு என்ற பக்கம் தேடுங்கள்.

மஞ்சள் முதலில் அழுக்காக வந்து, கொஞ்சம் அடித்ததும் தெளிகிறதா? கேப்பில் மை தேங்கியிருக்கிறது. பம்ப் சரியாக இழுக்கவில்லை, கலந்து கிடக்கும் மை திரும்ப நாசிலுக்குள் ஊறி ஏறுகிறது என்று அர்த்தம்.

கேப்பைப் படிப்பது

கிளீனிங் என்றால் உள்ளே என்ன நடக்கிறது? கேப் ஹெட்டின் அடியில் இறுக ஒட்டிக்கொள்ளும். அதன் கீழே இருக்கும் பம்ப் உறிஞ்சும். உறிஞ்சும் வேகத்தில் நாசில் வழியே மை வெளியே வரும், கூடவே காய்ந்த துணுக்கும் காற்றும் வரும். அதன் பிறகு வைப்பர் என்ற ரப்பர் தகடு ஹெட்டின் அடியை ஒரு தடவை வழித்துவிடும்.

கேப்பின் ரப்பர் விளிம்பில் காய்ந்த மை மேடு கட்டியிருந்தால், அல்லது விளிம்பு நசுங்கியிருந்தால், பம்ப் மையை உறிஞ்சாமல் அந்தச் சந்து வழியே வெளிக்காற்றை உறிஞ்சும். காற்று உறிஞ்சுவது சுலபம், நாசிலில் இருந்து மை இழுப்பது கஷ்டம், பம்ப் சுலபமானதைத்தான் செய்யும். அதன் பிறகு அழுக்கு வைப்பர் வந்து மேலும் அழுக்கைத் தடவிவிட்டுப் போகும். கிளீனிங் போடப் போட நாசில் அதிகமாகப் போவதன் ரகசியம் இவ்வளவுதான். சாதாரண கிளீனிங் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் போடாமல் கேப்பைப் பாருங்கள்.

மிஷினை அதன் மெனு வழியாகப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவந்து, ஹெட்டைச் சுமந்து நகரும் கேரியேஜை ஒதுக்கிவிடுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். கேப்பின் விளிம்பைச் சுற்றி விரலளவு பகுதியை உற்றுப் பார்த்தால் பல கதைகள் தெரியும்: ஓரத்தில் கறுத்துப் படிந்த மை, வினைல் வெட்டும்போது பறந்து வந்த சிறு இழை, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் உப்பி விளிம்புக்கு மேலே எட்டிப் பார்ப்பது. ஃபோம் முனை கொண்ட குச்சியை ஃபிளஷ் சொல்யூஷன் என்ற கழுவும் திரவத்தில் நனைத்து, விளிம்பை ஒரே திசையில் சுற்றித் துடையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் இழை பிரிந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அடுத்த அடைப்புக்கு அது போதும். வைப்பரின் இரண்டு முகத்தையும் துடையுங்கள். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள்.

ஹெட்டைச் சுற்றியும் பாருங்கள். நாசில் தகட்டின் ஓரங்களில், கேரியேஜின் அடியில், மையில் நனைந்த முடியோ நூலோ தொங்கிக்கொண்டிருக்கும். அச்சில் வரும் தீற்றல்களுக்கு அதுவே காரணமாக இருக்கும். ஓரத்தை மட்டும் துடையுங்கள். நாசில் தகட்டை எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள், எவ்வளவு மென்மையான துணி என்றாலும் சரி.

பிறகு ஒரு எளிய சோதனை. சொல்யூஷனைக் கேப்பின் விளிம்புவரை நிரப்பி சில நிமிடம் காத்திருங்கள். மட்டம் அப்படியே நின்றால் கீழ்ப்பக்கம் ஒழுகவில்லை. தானாக இறங்கினால் பம்ப் டியூப் தளர்ந்திருக்கிறது அல்லது பம்ப் மூடுவதில்லை. அடுத்து பம்பை ஓடவிடுங்கள். சர்ரென்று காலியானால் பம்ப் நலம். பாதியிலேயே நின்றால் டியூபில் அடைப்பு. பல கடைகளில் ஹெட் மாற்ற வேண்டும் என்று நாள் குறித்த மிஷின்கள் இந்தச் சோதனைக்குப் பிறகு ஒரு கேப்பும் ஒரு பம்ப் டியூபும் மாற்றியதில் எழுந்து ஓடியிருக்கின்றன.

உண்மையிலேயே அடைத்திருந்தால்

கேப், வைப்பர், பம்ப் எல்லாம் சரி, ஆனாலும் அதே நாசில்கள் அதே இடத்தில் போயிருக்கின்றன என்றால், ஊறவைப்பதுதான் முதல் வைத்தியம். கேப் நிறைய சொல்யூஷன் ஊற்றி, ஹெட்டை அதன் மேல் நிறுத்தி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரு சாதாரண கிளீனிங், ஒரு நாசில் செக். பாதி திரும்பியிருந்தால் அந்த வழி வேலை செய்கிறது, மறுபடி நிரப்பி ராத்திரி முழுக்க விடுங்கள். காய்ந்த பிசின் கரைய நேரம் கேட்கிறது, பலத்தைக் கேட்கவில்லை. மறுநாள் வேலை இருக்கிறது என்று அவசரப்பட்டுச் செய்வதெல்லாம் ஹெட்டின் கணக்கில்தான் சேரும்.

சொல்யூஷன் என்றால் உங்கள் மைக்கு அந்த மை கம்பெனி கொடுப்பது. எக்கோ சால்வென்ட் லைனில் தண்ணீர் ரகத்தையோ, தண்ணீர் மை லைனில் சால்வென்ட் ரகத்தையோ விட்டால் மை திரிந்துபோகும். அசிட்டோன், பெயிண்ட் தின்னர் இரண்டும் கூடவே கூடாது. அடைப்பு கரையும் என்பது நிஜம்தான், கூடவே ஹெட்டின் அடுக்குகளைப் பிடித்திருக்கும் பசையும் கரையும். அப்படிக் கரைந்த ஹெட்டில் ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் வரிசையில் வர ஆரம்பிக்கும், அதற்கு மருந்து கிடையாது.

ஊறவைத்தும் போகவில்லை என்றால் கீழிருந்து இழுக்கலாம். ஹெட் கேப்பில் உட்கார்ந்திருக்க, பம்புக்குப் போகும் டியூபைக் கழற்றி அதில் சிரிஞ்சை மாட்டி மெதுவாக இழுப்பது. மிஷினே செய்வதைத்தான் நீங்கள் கையால் செய்கிறீர்கள். இது ஓரளவு பாதுகாப்பானது.

மேலிருந்து தள்ளுவதை நான் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. டேம்பரைக் கழற்றி, ஹெட்டின் மை முனையில் சிரிஞ்சை வைத்துத் தள்ளும் முறை அது. எல்லோரும் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த மெல்லிய அறைச்சுவர்கள் கட்டைவிரல் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சிரிஞ்ச் கடினமாக இருந்தால் அதுவே ஹெட் "வேண்டாம்" என்று சொல்வது. அதைவிட ஆபத்து, மேலே வழியும் இரண்டு சொட்டு ஹெட் கேபிள் சொருகும் இடத்தில் இறங்கிவிடுவது. அப்படியே மிஷினைப் போட்டால் ஷார்ட் ஆகி ஹெட்டும் மெயின் போர்டும் சேர்ந்து போகும். செய்தே தீர வேண்டும் என்றால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கேபிள் முனையை உலர்ந்த துணியால் மூடிவிட்டு, தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் ஹெட்டை வைப்பதும் அப்படியே, கடைசி முயற்சியாக, அந்தக் கருவியோடு பழகியவர் கையில் மட்டும்.

வராமல் பார்த்துக்கொள்வது

தினமும் ஓடும் மிஷினில் அடைப்பு அபூர்வம். வேலை இல்லாத நாளிலும் எல்லா நிறமும் வரும்படி ஒரு சிறு பட்டை அடியுங்கள். காலையில் நாசில் செக், சாயங்காலம் கேப் விளிம்பையும் வைப்பரையும் ஒரு துடைப்பு. தாமதமாகிவிட்டது என்று இந்தச் சாயங்காலத் துடைப்பைத்தான் எல்லோரும் விடுவார்கள். ராத்திரி முழுக்க ஹெட் உட்கார்ந்திருக்கப்போவது அந்தக் கேப் மேல்தான் என்பதால் இதை மட்டும் விடாதீர்கள்.

அறை 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பெரும்பாலான மிஷின்களுக்குப் போதும். நம் கடற்கரை ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஏசி போட்ட மூடிய அறையில் காற்று வறண்டுவிடும். ஏசிக் காற்றும் ஃபேன் காற்றும் நேராகக் கேரியேஜில் படாமல் திருப்பி வையுங்கள். பேனருக்கு ஐலெட் அடிப்பது, ஓரம் வெட்டுவது, கீழே பெருக்குவது எல்லாம் மிஷினில் இருந்து தள்ளி நடக்கட்டும்.

கரண்ட் கட் தனிப் பிரச்சினை. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நிற்கும், கீழே மீடியா ஹீட்டரின் சூடு வேறு. அரை மணி நேரம் அப்படி நின்றாலே அடைப்பு தொடங்கிவிடும். வேலையை முடிக்கும் அளவுக்கு யுபிஎஸ் இல்லாவிட்டாலும், ஹெட்டைக் கேப்புக்குக் கொண்டுசேர்க்கும் அளவுக்காவது வேண்டும். அதுவும் இல்லையென்றால் கையால் கேரியேஜை நகர்த்தி கேப்பை ஏற்றும் முறை உங்கள் மிஷினின் கையேட்டில் இருக்கும். கரண்ட் இருக்கும் நாளிலேயே அதைப் படித்து ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.

பொங்கல், தீபாவளி என்று நாலு நாள் கடை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது பழக்கமாக இருக்கிறது. பல மிஷின்கள் மெயின் பவர் இருந்தால், குறித்த இடைவெளியில் தானாகக் கொஞ்சம் கிளீனிங் செய்துகொள்ளும். உங்களுடையது அந்த ரகமா என்று பார்த்து, அப்படியானால் மெயினை அணைக்காதீர்கள், மையும் வேஸ்ட் பாட்டிலில் இடமும் இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டுப் போங்கள். அந்த வசதி இல்லாத மிஷினில் கேப்பைச் சுத்தம் செய்து சொல்யூஷன் நிரப்பி ஹெட்டை அதில் நிறுத்துங்கள். வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மையை வடித்து லைன் முழுக்க சொல்யூஷன் ஏற்றிவிடுவதே சரி.

கேப், வைப்பர், டேம்பர் மூன்றும் தேய்மானப் பொருள்கள். மாற்றிய தேதியை மார்க்கரால் மிஷின் கதவின் உட்பக்கம் எழுதிவையுங்கள். வேலை அதிகம் உள்ள கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேப்பையும் டேம்பரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது நல்லது. ஒரு செட் எப்போதும் அலமாரியில் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் ஐந்தாறு நாசில் திரும்பவில்லை என்றால் உடனே ஹெட் மாற்ற வேண்டியதில்லை. பாஸ் எண்ணிக்கையை, அதாவது ஒரே இடத்தின் மேல் ஹெட் எத்தனை தடவை போகிறது என்பதை, கூட்டினால் ஒரே இடத்தின் மேல் வேறு வேறு நாசில்கள் போவதால் இடைவெளி மறையும். வேகம் குறையும், பேனர் வேலைக்கு அது போதும். ஒரே நிறத்தில் அடுத்தடுத்து நிறைய நாசில் போய், பாஸ் கூட்டியும் கோடு தெரிகிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போது புது ஹெட்டோடு டேம்பரையும் கேப்பையும் வைப்பரையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையவை இருந்தால் பழைய நோய் புது ஹெட்டுக்கும் வரும். ஹெட் லேபிளில் அச்சாகியிருக்கும் எண்ணை மிஷினில் பதிய மறக்காதீர்கள். பல ஹெட்களில் பீசோவுக்கு எவ்வளவு வோல்டேஜ் தர வேண்டும் என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஹெட்டை மாட்டிய பிறகு அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் மாட்டுவதற்கு முன்பே போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.